அவிழ்த்துவிட்ட ரோந்துப் படகு

வெர்ன் ஹாலினன் அந்தக் கட்டியைக் கண்டுபிடித்தது கண்ணாடியில் அல்ல, தொப்பிக் கயிற்றில். தென்கிழக்குக் காற்று பலமாக வீசிய காலை அது. படகு வேகமெடுத்தால் தொப்பி பறந்துவிடும் என்று கயிற்றைத் தாடைக்குக் கீழே இழுத்து முடிந்தான். வலக்காதுக்கு முன்னால், தாடையெலும்பு வளையும் இடத்தில், கயிறு எதன்மேலோ ஏறி இறங்கியது. விரலை வைத்துப் பார்த்தான். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தது போல இருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை. நகரவும் இல்லை.

வலிக்காததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. வருடக்கணக்காக ஆஸ்பத்திரிகளோடு பழகியவன். வலிக்கிறது என்றால் சீழாகவோ வீக்கமாகவோ இருக்கும், மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் ஆபத்து.

அன்றைக்கும் அவன் எல்லா நண்டுக் கூண்டுகளையும் தூக்கினான். கடா நண்டுகளை அளவுகோல் வைத்துப் பார்த்து, கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கில் போட்டான். பெட்டை நண்டுகளைத் தண்ணீருக்கே திருப்பிவிட்டான். கூண்டுக்குக் கூண்டு நடுவில் விரல் தானாகக் காதுக்கு முன்னால் போய் நின்றது. படகை ஏற்றும் சரிவில் இரைக்கடை எரோல் காத்திருந்தான்.

"என்ன ப்ளூவி, மூஞ்சி செத்துப் போயிருக்கு? பொண்டாட்டி திரும்பி வந்துட்டாளா?"

"அவ்வளவு மோசமில்ல."

"பின்ன என்ன, நண்டு கெடைக்கலையா?"

"கெடச்சுது. நீ போய் ஒன் நாறின மீன வித்துட்டு வா."

டின் கேன் பே என்ற அந்த ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரில் அவனை வெர்ன் என்று கூப்பிடுகிறவர்கள் வரி அலுவலகமும் அக்கா டெஸ்லியும் மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அவன் ப்ளூவி, அதாவது நீலன். செந்தலையோடு பிறந்தவனுக்கு அங்கே கேலியாக வைக்கும் பெயர் அதுதான். அறுபதைத் தாண்டிய பிறகு தலையில் சிவப்பும் இல்லை, முடியும் அதிகமில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. செந்தலைக்காரர்களின் தோலும் தங்கிவிட்டது: பால் நிறம், அதன்மேல் தவிடு தூவியது போலப் புள்ளிகள், ஒரு மணி நேர வெயிலுக்கே கொப்புளிக்கும் தோள்கள்.

அப்பாவும் நண்டுக்காரர்தான். பள்ளி விடுமுறை முழுக்கப் பிள்ளைகள் இரண்டும் சட்டையில்லாமல் படகில் கிடந்தன. ஜனவரிக் கோடையில் முதுகு உரியத் தொடங்கும். அக்காவும் தம்பியும் மாறி மாறிக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். ஒருவர் முதுகில் மற்றவர் தோலை அறுந்துபோகாமல் உரிக்க வேண்டும். நீளமாக உரித்தவருக்கு ஜெயம். டெஸ்லிதான் எப்போதும் ஜெயிப்பாள். வெயிலில் வெந்தது அன்றைக்கு யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. தோல் அதை மறக்கவில்லை.

நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் வெர்னின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் பக்கத்து நகரமான கிம்பிக்குப் போய், ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கையைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தான். கடல் ஏறி இறங்கும் ஓதத்துக்குத்தான் நண்டு வரும், இயந்திரத்தின் நேரத்துக்கு வராது. கூண்டுகள் கரையில் காய்ந்தன. அந்தக் காலத்தில்தான் மனைவி போனாள். அக்காவோடும் பேச்சில்லை. அப்பா இறந்ததும் அவருடைய படகை அவள் விற்றுவிட்டாள் என்று சண்டை போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்படியிருந்தும் ஒரு நாள் டெஸ்லி ஆஸ்பத்திரிக்குப் போய், தன்னுடையது பொருந்துமா என்று பரிசோதித்துக்கொண்டு, பொருந்துகிறது என்று தெரிந்த பிறகுதான் அவனுக்குப் போன் செய்தாள்.

சிறுநீரகத்துக்கு டோரீன் என்று பெயர் வைத்ததும் அவள்தான். டோரீன் அவர்களுடைய அத்தை. இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், பதினொரு வருடம் கழித்துப் பெட்டியில்தான் வெளியே போனாள். "வந்த எடத்த விட்டுப் போகாத குணம் வேணும்ல" என்றாள் டெஸ்லி. டோரீன் போகவில்லை. பதினேழு வருடம் வெர்னின் வலது இடுப்புக்கு மேலே குடியிருந்து உண்மையாக வேலை செய்தாள். டெஸ்லி பார்க்க வரும்போதெல்லாம் முதலில் டோரீனைத்தான் விசாரிப்பாள்.

அதற்கு விலை மாத்திரை, காலையும் மாலையும் தவறாமல். மாத்திரை என்ன செய்கிறது என்பதை வெர்ன் தன் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டிருந்தான். மீன்வளத்துறையின் ரோந்துப் படகு ஒன்று உண்டு. யாருடைய படகு, என்ன பதிவெண், கூண்டில் பெயர்ச்சீட்டு இருக்கிறதா, சாக்கில் பெட்டை நண்டு இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கும். உடம்புக்குள்ளும் அப்படி ஒரு ரோந்து. டோரீன் பதிவில்லாத படகு, கண்ணில் பட்டால் பறிமுதல்தான். அதனால் மாத்திரை அந்த ரோந்தைத் துறையிலேயே கட்டிப்போட்டது. டோரீன் பிழைத்தாள். ஆனால் ரோந்து வராத கழிமுகத்தில் யார் யார் வலை போடுவார்கள் என்று எந்த மீனவனுக்கும் தெரியும். வெயில் குடித்த தோலில் அவ்வப்போது ஏதாவது ஒரு செல் கெட்டுப்போகும். எல்லாருக்கும் அப்படித்தான். ரோந்து வந்து அள்ளிக்கொண்டு போகும், ஆளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. வெர்னின் தோலில் கேட்க ஆளில்லை.

ஆகவே தோல் மருத்துவமனைக்கும் அவன் வாடிக்கைக்காரன். காதின் மேல்விளிம்பில் ஒரு துண்டு, புறங்கையில் இரண்டு, மூக்கின் பக்கத்தில் ஒன்று என்று வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சின்னதென்றால் உறைகுளிர் வாயுவால் பொசுக்குவார்கள். விதி ஒன்றே ஒன்று: எந்தப் புள்ளி வந்தாலும், எவ்வளவு அற்பமாக இருந்தாலும், நீங்களாக எதுவும் செய்யக் கூடாது, எங்களிடம் காட்ட வேண்டும்.

போன குளிர்காலத்தில் வலது நெற்றிப்பொட்டில் ஒரு புண் வந்தது. செதில் செதிலாக, நடுவில் கொம்பு முளைத்தது போலக் கடினமாக. கிம்பியில் டெஸ்லி வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் பார்த்துவிட்டாள்.

"என்னடா இது, மறுபடியும் ஒண்ணா?"

"அடுத்த மாசம் போறப்ப காட்டணும்."

"அடுத்த மாசமா? அதுவரைக்கும் இத வச்சிட்டு அலையப் போறியா? பின்னாடி வா."

தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஈரம் கசியும் இடத்தில், பால்செடி கொத்தாக முளைத்திருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் அதைக் களை என்று யாரும் பிடுங்குவதில்லை. வெயில் புண்ணுக்கு அதுதான் மருந்து என்று அப்பா காலத்திலிருந்தே பழக்கம். டெஸ்லி தண்டைக் கிள்ளி, வடிந்த வெள்ளைப் பாலைத் தீக்குச்சி நுனியில் தொட்டாள்.

"அப்பாவுக்கு மூக்குல வந்ததுக்கு இதானே போட்டாரு. எண்பது வயசு வரைக்கும் இருந்தாரு. கண்ண மூடு."

வெர்னுக்கு விதி தெரியும். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். கண்ணையும் மூடினான்.

பால் தீயாக எரிந்தது. இரண்டு மூன்று நாள் போட்டார்கள். புண் கொப்புளித்து, கறுத்து, பக்கு கட்டி, ஒரு நாள் தலையணையில் உதிர்ந்தது. அடியில் குழந்தைத் தோல் போல இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். "பாத்தியா?" என்றாள் டெஸ்லி. அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவனும் சந்தோஷப்பட்டான். அடுத்த மாதம் தோல் மருத்துவர் நெற்றிப்பொட்டைப் பார்த்து இது என்ன தழும்பு என்று கேட்டபோது, பழையது என்று சொல்லிவிட்டான்.

இப்போது காதுக்கு முன்னால் ஈயக்குண்டு.

பிரிஸ்பேன் பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் புற்றுநோய் மருத்துவர் டாக்டர் ரோவீனா கில்ஹூலி. ஒல்லியான பெண்மணி, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கின் முடிவு மேசைமேல் இருந்தது. தோலில் தொடங்கிய புற்றுதான். தோலில் எங்கே தொடங்கியது என்பதுதான் கேள்வி. அவர் வெர்னின் முகத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நெற்றிப்பொட்டில் வந்து நின்றது.

"இங்க என்ன இருந்துச்சு, வெர்ன்?"

"சின்னப் புண்ணு. ஆறிடுச்சு."

"தானா ஆறுச்சா?"

வெர்ன் தரையைப் பார்த்தான். "பால்செடி போட்டேன்."

"யாராவது போட்டு விட்டாங்களா?"

"இல்ல. நானேதான்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "அந்தப் பாலு மேல இருக்கறதத்தான் பொசுக்கும். மிச்சத்த முடிக்கணும்னா உடம்போட வெள்ளையணுக்கள் கூட்டமா வந்து எறங்கணும். உங்களுக்கு யாரு வருவா? மாத்திரை போட்டு எல்லாரையும் தூங்க வச்சிருக்கோம். அதனால மேல மூடி போட்ட மாதிரி ஆயிடுச்சு. அடியில இருந்தது எங்க கண்ணுக்குத் தெரியாம நடந்து, இங்க வந்து உக்காந்திருக்கு."

"எங்கப்பாவுக்குக் கேட்டுச்சு."

"அவருக்கு ரோந்து ஒழுங்கா... நோய் எதிர்ப்பு சக்தி ஒழுங்கா இருந்திருக்கும். அதோட அவருக்கு வந்தது புற்றுதானான்னே நமக்குத் தெரியாது. வெறும் வெயில் செதிலாக்கூட இருந்திருக்கலாம்."

ரோந்து என்ற சொல் வெர்னிடமிருந்து அவருக்குத் தொற்றியிருந்தது. வந்த முதல் நாளே அவன் அதைச் சொல்லியிருந்தான்.

காதுக்கு முன்னாலிருந்த சுரப்பியையும் கழுத்தின் ஒரு பக்கத்தையும் வெட்டியெடுத்தார்கள். அதனுள் ஓடிய நரம்பு ஒன்றையும் விட்டுவைக்க முடியவில்லை. முகத்தின் வலப்பக்கம் தொங்கிப்போயிற்று. அந்தப் பக்கத்துக் கண் முழுதாக மூடாது. டீ குடித்தால் உதட்டோரம் வழியும். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. முடித்துத் திரும்பியபோது எரோல் சரிவிலேயே காத்திருந்தான்.

"இப்பதான்டா ப்ளூவி, நீ சிரிக்கிறியா மொறைக்கிறியான்னு யாருக்கும் தெரியாது. சீட்டாட்டத்துல ஒன்ன அடிச்சுக்க ஆளில்ல."

சொல்லிவிட்டு எரோல் அவசரமாக மறுபக்கம் திரும்பி, இரைப்பெட்டியின் மூடியைத் தேவையில்லாமல் திறந்து மூடினான்.

கோடை முடியும் முன்பே அது திரும்பி வந்தது. கழுத்துத் தழும்பின் ஓரத்தில் ஒரு கட்டி. நுரையீரலில் இரண்டு நிழல்கள். இனி கத்திக்கு வேலையில்லை என்றார் டாக்டர் கில்ஹூலி.

"ஒரு மருந்து இருக்கு. ஊசி வழியா, மூணு வாரத்துக்கு ஒருக்கா. அது புற்றக் கொல்ற மருந்து இல்ல. புற்று நம்ம வெள்ளையணுக்களோட கண்ணக் கட்டி வச்சிருக்கு. அந்தக் கட்ட அவுத்துவிடற மருந்து. கூடவே உங்க மாத்திரையையும் கொறைப்போம்."

"ரோந்துப் படகோட கயித்த அவுத்துவிடறீங்க."

"ஆமா."

"போய் யாரப் பிடிக்கணும்னு அதுக்குச் சொல்ல முடியுமா?"

"முடியாது." அவர் மழுப்பவில்லை. "உங்கள மாதிரி கிட்னி மாத்தினவங்க பத்து பேருக்குப் போட்டா, ஏறக்குறைய நாலு பேருக்குக் கட்டி நல்லா சுருங்குது. பத்து பேர்ல ஏறக்குறைய நாலு பேருக்குக் கிட்னி போயிடுது. அந்த நாலு பேரும் இந்த நாலு பேரும் ஒரே ஆளுங்களான்னு என்னைக் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது."

"போடலன்னா?"

"வர்ற கிறிஸ்துமஸப் பாப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வெர்ன் எழுந்தான். ஊர் திரும்பும் வழி முழுக்க அவன் யோசித்தது தன் உயிரைப் பற்றியல்ல. டோரீன் தன்னுடையவள் இல்லை. கையில் நம்பிக் கொடுத்த பொருள். அதைக் கொண்டுபோய் ரோந்துக்கு முன்னால் நிறுத்த தனக்கு யார் உரிமை கொடுத்தது? கிம்பியில் வண்டியை நிறுத்தி, டெஸ்லியிடம் இனி மருந்தில்லையாம் என்று சொன்னான். அவள் அடுப்பின் பக்கம் திரும்பி வெகுநேரம் நின்றாள்.

அடுத்த வாரம் அவளே டின் கேன் பேக்கு வந்தாள். படகில் கூட வருவேன் என்று பிடிவாதம். அறுபத்து நான்கு வயது, முழங்கால் சரியில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அலையாத்திக் காட்டின் ஓரமாக, ஓடையின் வாயில் முதல் கூண்டு. வெர்ன் மிதவையைப் பிடித்துக் கயிற்றை இழுக்கத் தொடங்கினான். டெஸ்லி பெட்டியைத் திறந்து ஒரு பீர் டின்னை நீட்டினாள்.

"இந்தா."

"வேணாம் டெஸ்."

"ஏன்?"

"காலையிலேயே எதுக்கு. டோரீனுக்கு ஆகாது."

டின் நீட்டிய கையிலேயே நின்றது.

"என்ன சொன்ன?"

வெர்ன் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி மருந்தில்ல, அவ்ளோதான்னு போன வாரம் எங்க அடுப்படியில நின்னு சொன்ன. சாகப்போறவன் கிட்னிக்குப் பயந்துக்கிட்டு பீர் வேணாங்கிறான். டேய், என்னப் பாத்தா மூணாங்கிளாஸ் ஃபெயிலானவ மாதிரி இருக்கா? என்ன மறைக்கிற?"

"ஒண்ணுமில்ல."

"வெர்ன்."

கூண்டு பாதி ஏறி, படகின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு பெரிய கடா கொடுக்கை விரித்தது. அவன் அதைத் தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. கயிற்றைப் பிடித்தபடியே, டாக்டர் சொன்னதை முழுவதும் சொன்னான். மருந்து, அவிழ்த்துவிடுவது, நாலு பேர், இன்னொரு நாலு பேர்.

டெஸ்லி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "ஆக, டோரீனக் காப்பாத்தறதுக்காக நீ சாகப்போற" என்றாள்.

"அது என்னோடது இல்ல டெஸ். நீ குடுத்தது."

"வாய மூடு."

"நான்..."

"வாய மூடுன்னேன். நான் எதுக்குக் குடுத்தேன் தெரியுமா? பாசத்துலயா? அந்த வருஷம் ஒன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு எரியும். தம்பி சாகறான், அக்கா கல்லு மாதிரி உக்காந்திருக்கான்னு ஊர் பேசும், அதுக்குப் பயந்து குடுத்தேன். கொஞ்சம் பாசமும் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா அதுக்கப்புறம் என்ன ஆச்சு? பதினேழு வருஷம்டா. பதினேழு வருஷமா நீ என்கிட்ட ஒரு தடவ கூட சண்ட போடல. ஒன் வண்டிய இடிச்சு நசுக்கினேன். 'பரவால்ல டெஸ்.' ஒன் கல்யாணப் போட்டோவ எல்லாம் குப்பையில போட்டேன். 'பரவால்ல டெஸ்.' எனக்குத் தம்பி இருந்தான். கிட்னியக் குடுத்து ஒரு வேலைக்காரன வாங்கிட்டு வந்தேன்."

படகு ஓதத்தோடு மெல்லத் திரும்பியது. வெர்னின் மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அது எப்போதும் வடிவதுதான்.

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாத. அந்தப் பாலை நான் போட்டப்ப, போடக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன்டா கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்த?"

"நீ செய்யறேங்கற. நான் எப்படி வேணாங்கறது?"

டெஸ்லி தலையை ஆட்டினாள். குரல் இறங்கிவிட்டது. "அதான். அந்த மாத்திரை உள்ள இருக்கற ரோந்த மட்டுமா கட்டிப்போட்டுச்சு? டாக்டர்கிட்ட யாரு போட்டாங்கன்னு சொன்ன?"

"நானேன்னு சொன்னேன்."

"திட்டு."

"என்ன?"

"என்னைத் திட்டு. நான் போட்ட களையாலதான் ஒனக்கு இந்தக் கதி. எனக்கு அது தெரியும், ஒனக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரி டீ குடிச்சிட்டிருக்கோம். என்னால முடியல வெர்ன். திட்டுடா."

வெர்ன் கத்தினான், தொங்கிய உதட்டோரம் எச்சில் தெறிக்க. "அறிவிருக்கா ஒனக்கு? நீ என்ன டாக்டரா? அப்பாவுக்குக் கேட்டுச்சாம், அப்பாவுக்கு! அவரு என்ன தெனம் கை நெறைய மாத்திரையா முழுங்கினாரு? எல்லாத்துலயும் மூக்க நுழைக்கணும் ஒனக்கு. சின்ன வயசுலருந்தே இப்படித்தான். அப்பா படகு எனக்குன்னு அவரு வாயால சொன்னாரு. அத வித்த. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"அது ஓட்டப் படகு!"

"ஓட்டையா இருந்தா அடைச்சிருப்பேன்!"

"வாங்கினவன் அதுல கோழி வளக்கறான்டா!"

"வளக்கட்டும்! அது என் படகு!"

கத்திய வேகத்தில் கயிறு கையிலிருந்து நழுவியது. கூண்டு கடாவோடு தண்ணீருக்குள் இறங்கிப்போனது. இரண்டு பேரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது டெஸ்லி. வெர்னின் முகத்தில் பாதி மட்டும் சிரித்தது.

திங்கட்கிழமை அவன் டாக்டர் கில்ஹூலிக்குப் போன் செய்து, மருந்து போட்டுக்கொள்கிறேன் என்றான்.

மருந்து பார்வைக்கு வெறும் தண்ணீர். சின்னப் பையிலிருந்து அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. வெர்னுக்கு இப்போது காவல் காக்க இரண்டு இடங்கள். காலையில் எழுந்ததும் ஒரு கை கழுத்துத் தழும்புக்குப் போகும். மறு கை கணுக்காலுக்குப் போகும். கட்டி அப்படியே இருக்கிறதா? கட்டைவிரலால் அழுத்தினால் கணுக்காலில் குழி விழுகிறதா? சிறுநீரின் நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முதல் மூன்று வாரம் இரண்டு பக்கமும் ஒன்றும் நடக்கவில்லை. கழிமுகத்தில் ஒரு படகின் சத்தம்கூட இல்லாதது போல இருந்தது. அந்த அமைதியில் அவன் தூக்கம் போயிற்று.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு கட்டி வீங்கிச் சிவந்தது. பயந்துபோய்ப் பிரிஸ்பேனுக்கு ஓடினான். டாக்டர் தொட்டுப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று இப்போது சொல்ல முடியாது, உள்ளே வெள்ளையணுக்கள் கூடினாலும் இப்படி வீங்கும் என்றார். அடுத்த வாரம் அது இளகியது. ஈயக்குண்டாக இருந்தது வெந்த பட்டாணி போல விரலுக்கடியில் நழுவியது. வெர்ன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று தோன்றியது.

மூன்றாவது ஊசி முடிந்த சில நாளில், ஒரு நாள் காலையில் காலில் காலணி ஏறவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினான். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

சிறுநீரக மருத்துவர்கள் விட்டுவிடவில்லை. மருந்தை நிறுத்தி, வீரியமான வேறு மருந்துகளை நாளுக்கு நாள் ஏற்றி, ரோந்தைத் திரும்பக் கட்டிப்போடப் பார்த்தார்கள். அவிழ்ந்த படகு துறைக்குத் திரும்பவில்லை. ரத்தத்தில் கழிவின் அளவு ஏறிக்கொண்டே போனது. வாயில் பழைய உலோகச் சுவை வந்தது. பதினேழு வருடத்துக்கு முந்தைய சுவை. அதை அவன் நாக்கு மறந்திருக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் கில்ஹூலி புதிய படங்களைத் திரையில் போட்டார். கழுத்துத் தழும்பின் ஓரம் தட்டையாக இருந்தது. நுரையீரலில் ஒரு நிழலைக் காணவில்லை. இன்னொன்று இருக்கும் இடத்தை அவர் பேனா நுனியால் காட்ட வேண்டியிருந்தது.

"இதுக்கு மேல நல்ல படத்த நான் எதிர்பாக்கல" என்றார். பிறகு திரையை அணைத்தார். "கிட்னி பத்தி அவங்க சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க. திங்கக்கிழமைலருந்து மெஷின்."

"இனி மாத்திரைய மெதுவா முழுசா நிறுத்திடலாம். காப்பாத்த அங்க ஒண்ணுமில்ல. புற்றுக்கு அது இன்னும் கெட்ட சேதி. உங்களுக்கு..." அவர் சொல்லை முடிக்கவில்லை. எழுந்து அவன் தோளைத் தொட்டார்.

வண்டி நிறுத்துமிடத்தில் வெர்ன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். வயிற்றில் டோரீன் இருந்த இடத்தின்மேல் கை இருந்தது. பிறகு போனை எடுத்தான்.

"டெஸ்."

"சொல்லு."

"கட்டி அடங்கிடுச்சு. நெஞ்சுல இருந்ததுல ஒண்ணு காணோம். இன்னொண்ணத் தேடிப் பாக்கணும்."

"ம்." அவள் காத்திருந்தாள். மீதி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டோரீன் போயிட்டா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதை மூடினாள். டெஸ்லி அழுதாள். சின்ன வயதில் அழுதது போல, மூச்சை இழுத்து இழுத்து. வழக்கமாக வெர்ன் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பான், அல்லது நன்றி சொல்லியிருப்பான். இரண்டும் தொண்டை வரை வந்தன. அவன் இரண்டையும் சொல்லாமல், போனைக் காதில் வைத்தபடி, அவள் அழுது முடிக்கும்வரை இருந்தான்.

"மெஷின் கிம்பிலயா?" என்றாள் ஒருவழியாக.

"ஆமா. திங்க, புதன், வெள்ளி."

"வெள்ளிக்கிழமை எனக்கு க்ளப்புல பௌல்ஸ் ஆட்டம் இருக்கு. மத்த ரெண்டு நாளும் வந்து கூட உக்காந்திருக்கேன்."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"நீ வந்தா பேசிக்கிட்டே இருப்ப. நர்ஸுக்கு வேல சொல்லித் தருவ. நான் தூங்கணும். வராத."



"எவ்ளோ திமிருடா ஒனக்கு?"

"புதன்கிழமை வேணா வா. கடைசி அரை மணி நேரம். வர்றப்ப சாப்பிட ஏதாவது கொண்டா."

"போடா நாயே" என்று டெஸ்லி போனை அடித்து வைத்தாள்.

வெர்ன் போனைப் பார்த்தான். பதினேழு வருடத்தில் அவள் அப்படி வைத்தது இதுதான் முதல் தடவை. வண்டியைக் கிளப்பி, நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் ஒரு கடையில் இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று வாங்கி, சாஸ் உதட்டோரம் வழிய வழியச் சாப்பிட்டுக்கொண்டே வடக்கே ஓட்டினான்.